ஆட்சியர் அலுவலகச் சட்டப் பிரிவில் கண்காணிப்பாளர் பொறுப்பு: எதை நானே பார்க்க வேண்டும்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றின் ஆட்சியர் அலுவலகத்தில், மூன்றாண்டுகள் சட்டப் பிரிவில் உதவியாளராக இருந்து, சென்ற மாதம் அதே பிரிவுக்குக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். எனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். வழக்குரை (வழக்குப் போட்டவர் நீதிமன்றத்தில் கொடுத்தது) வந்தால் வட்டாட்சியரிடமிருந்து பத்திவாரி குறிப்புரை பெறுவது, அரசின் பதிலான எதிர்வழக்குரைக்கு முதல் வரைவு எழுதுவது, ஆவணங்களைத் திரட்டி அரசு வழக்கறிஞரிடம் சேர்ப்பது, தீர்ப்பு வந்தால் நகலுக்கு மனுப் போடுவது ஆகியவை இவர்களுடைய வேலை. நேற்றுவரை நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பொறுப்பேற்ற இரண்டாம் வாரத்தில் ஓர் அழைப்பாணை வந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அரசு மீது வழக்குப் போடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே அறிவிப்பு அனுப்பியதாக வழக்குரையில் கண்டிருந்தது. எங்கள் பதிவேட்டில் அப்படி ஒன்று இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, வேறொரு பிரிவின் மனுக் கட்டுக்குள், உறை பிரிக்கப்பட்டு, எங்கள் அலுவலகத் தபால் முத்திரையுடனேயே அது கிடைத்தது. பொருள் என்ற இடத்தில் "பட்டா மாறுதல்" என்று இருந்ததால் அதைச் சாதாரண மனுவாக எண்ணி அங்கே அனுப்பிவிட்டிருக்கிறார்கள். படித்துப் பார்த்தபோது எனக்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது. அந்த விவசாயி கேட்டது நியாயம். உட்பிரிவு செய்தபோது 3ஏ, 3பி என்பவை இடம் மாறிவிட்டன. புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் (புல எண்வாரியான நிலப் பதிவேடு) பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது. அந்த இரண்டு மாதத்துக்குள் யாரேனும் ஒருவர் படித்திருந்தால் அவர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கவே தேவையில்லை.

அன்றிலிருந்து எதையும் பிறர் கையில் விட எனக்குத் துணிவில்லை. நான்கு பேருடைய வரைவுகளையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று முதல் வரியிலிருந்து திருத்தி எழுதுகிறேன். அப்படியும் வேலை முடியவில்லை. அவர்களும் "எப்படியும் அம்மா மாற்றிவிடுவார்கள்" என்று அரைகுறையாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என்னைவிட வயதிலும் பணியிலும் மூத்தவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், இன்றைக்கும் நான் அக்கா என்றே அழைப்பவர். அவருடைய வரைவில் பிழை என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்னொன்று: வழக்குப் போட்டவர்களே சில நாள் எங்கள் மேசைக்கு வந்து "இது நிற்குமா, சமாதானமாகப் போய்விடலாமா" என்று கேட்கிறார்கள். எங்கள் பிரிவுப் பிள்ளைகள் இரக்கப்பட்டு ஏதேதோ சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பொறுப்பில் இருப்பவர் எதைத் தாமே பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாகை ஓய்வூதியர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதிலேயே உங்களுக்கான விடை இருக்கிறது. அந்த அறிவிப்பு யாருடைய மோசமான வரைவாலும் தொலையவில்லை. தபால் வந்த அன்று சரியான மேசைக்கு வராததால் தொலைந்தது. ஆகவே இரவில் வரைவு திருத்துவதை நிறுத்திவிட்டு, காலையில் தபாலைப் பாருங்கள். வழக்கறிஞர் பெயர் அச்சிட்ட உறை, பதிவுத் தபால், நீதிமன்ற முத்திரை ஆகிய எதுவாக இருந்தாலும், பொருள் என்னவென்று பார்க்காமல் முதலில் சட்டப் பிரிவுக்கு வந்து, எண் பெற்று, அதன் பிறகே உரிய பிரிவுக்குப் போக வேண்டும் என்று மேலதிகாரியிடம் ஓர் அலுவலக ஆணை பெற்றுவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தபால் எழுத்தர் மாறும்போது அதுவும் மாறிவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. என் பணிக்காலத்தில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். சார்பு நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்கு நகல் வேண்டும் என்று கோப்பில் குறிப்பு எழுதினேன், கையொப்பமும் ஆயிற்று, ஆனால் நகல் மனு போடப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. சம்பா அறுவடை முடிந்து கேட்டபோதுதான் போடவேயில்லை என்று தெரிந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் பெறுவதற்கு ஆகும் நாட்களைச் சட்டம் கழித்துக் கொடுக்கும். மனுவே போடாமல் நாம் உறங்கிய நாட்களைக் கழிக்காது. சான்றிட்ட நகலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மனு கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று வரிசையாக இருக்கும். கேட்டதற்கும் கட்டியதற்கும் இடையில் நாம் இழுத்தடித்த நாட்களும் நம் தலையில்தான் விழும். அரசுக் கோப்பு பல மேசை கடந்து வர வேண்டும் என்ற விளக்கத்தை ஒரு காலத்தில் நீதிமன்றங்கள் பரிவோடு கேட்டன. 2012இல் அஞ்சல் துறைக்கும் லிவிங் மீடியா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்து, அரசுத் துறை என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. எங்கள் தாமத மன்னிப்பு மனுவும் தள்ளுபடியாயிற்று. அந்த நிலம் ஊர் மந்தை; இன்றும் அந்த வழியாகப் போகும்போது என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடிவதில்லை.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது உயர் நீதிமன்றத்தின் ரிட் ஆணைகள். "மனுதாரரின் விண்ணப்பத்தை 12 வாரங்களுக்குள் பரிசீலித்து ஆணை பிறப்பிக்க வேண்டும்" என்று வரும். பெரும்பாலும் அந்த வாரங்கள் ஆணை நகல் நம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். மனுதாரரே நகலை நேரில் கொண்டுவந்து தபாலில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்; நாமோ அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வரட்டும் என்று காத்திருப்போம். அவமதிப்பு வழக்குகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. நகல் வந்த நாளையும் கெடு முடியும் நாளையும் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். டெல்டாவில் மாறுதலாகி வருபவர்களுக்கு ஒன்றையும் நினைவூட்டுங்கள்: தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் 2004 முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகின்றன, திருவாரூரும் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் சென்னைக்குப் போகின்றன. ஒரே வாய்க்கால் இரண்டு மாவட்டத்திலும் ஓடுகிற ஊரில், மதுரைக்குப் போக வேண்டிய கட்டு சென்னைக்குப் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தினமும் மாலை நாலரை மணிக்கு நான்கு பேரையும் பதிவேட்டோடு அழைத்து, அடுத்த பதினைந்து நாளில் வரும் வாய்தாக்களை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் அந்தந்த வழக்குக்கென உள்ள, எழுத்தும் எண்ணும் சேர்ந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்ப்பது இன்னாருடைய வேலை என்று எழுத்தில் இல்லாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

குடந்தை வழக்கறிஞர் எழுதியது:

சில ஆண்டுகள் அரசு தரப்பில் நடத்தியவன் என்ற முறையில் வரைவு பற்றி மட்டும் சொல்கிறேன். பெரியவர் சொன்னபடி இரவில் திருத்துவதை நிறுத்துங்கள். ஆனால் படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். நடையைத் திருத்துவதற்கு நான் இருக்கிறேன். எனக்குத் தெரிய முடியாதது ஆவணத்தில் என்ன இருக்கிறது என்பதுதான். ஆகவே வரைவைக் கையில் எடுக்கும்போது அடங்கல் (சாகுபடிக் கணக்கு), 'அ' பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு புல எண்ணையும் பரப்பளவையும் வகைப்பாட்டையும் விரலை வைத்து ஒப்பிடுங்கள். அதற்கு ஒரு வரைவுக்குப் பத்து நிமிடம் ஆகும். அதில் பிழை இருந்தால் நீங்கள் திருத்தாதீர்கள்; பென்சிலால் வட்டமிட்டு, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்து, எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

உயர் நீதிமன்றத்துக்குப் போகும் எதிர்மனுவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் தமிழில் எழுதிக் கொடுப்பதை உங்கள் பிரிவில் ஆங்கிலமாக்குகிறார்கள். ஒருமுறை எனக்கு வந்த வரைவில் ஒன்பதாம் பத்தியில் "சேனல்" ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்றும், பதினோராம் பத்தியில் "சேனல்" தடையின்றி ஓடுகிறது என்றும் இருந்தது. மனுதாரரின் வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். தமிழ்க் குறிப்பை வரவழைத்துப் பார்த்தேன். முதலாவது வடிகால், இரண்டாவது பாசன வாய்க்கால். ஐப்பசி கார்த்திகை மழையில் வயலில் தேங்கும் தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் வழக்கே. நம் பகுதியில் பிறந்த எவருக்கும் வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் வேறுபாடு சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. களம், மந்தை, நத்தம், படுகை போன்ற சொற்களை அப்படியே தமிழ்ச் சொல்லாக வைத்து, முதல் இடத்தில் மட்டும் பொருள் விளக்கம் தரும்படி சொல்லுங்கள்.

மேசைக்கு வந்து கேட்பவர்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பிறருக்காக வழக்கு நடத்தும் தொழில் வழக்கறிஞருக்கு மட்டுமே உரியது. அதற்கு மேல், உங்கள் பணியாளர்கள் எதிர்த் தரப்பின் அலுவலகத்தில் இருப்பவர்கள். "நிற்கும்", "நிற்காது" என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல்லை நம்பி ஒருவர் வழக்கைக் கைவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? வாய்தா எந்த நாள், நகலுக்கு எங்கே மனுப் போடுவது என்பனவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். ஆலோசனை கேட்டால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு வழிகாட்டுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களும் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் வருமானச் சான்று இல்லாமலே இலவச வழக்கறிஞர் பெறலாம். இது தெரியாமலேயே நகையை அடகு வைத்து வருகிறவர்கள் அதிகம்.

அந்த உட்பிரிவு வழக்கைப் பற்றியும் ஒரு சொல். வழக்கு வந்துவிட்டது என்பதற்காக அதை எதிர்த்தே தீர வேண்டும் என்று இல்லை. தவறு நம்முடையது என்று ஆவணமே சொன்னால், அதை எழுதி அரசு வழக்கறிஞரின் கருத்துரைக்கு அனுப்புங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடிந்தால் அந்தத் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குரிய மதிப்பு உண்டு, மேல்முறையீடும் கிடையாது. அவர் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

அரசலாறு எழுதியது:

சகோதரி, நானும் பக்கத்து மாவட்டத்தில் இதே நாற்காலியில் இருக்கிறேன். மூத்தவரைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லோர் முன்னிலும் பிழை சொல்லாதீர்கள், தனியே அழைத்தும் சொல்லாதீர்கள். தனியே அழைத்தாலே அவருக்கு அது தண்டனையாகப் படும். எங்கள் பிரிவில் வரைவுகளை மாற்றிப் படிக்கிறோம். ஒருவர் வரைவை இன்னொருவர் ஆவணத்தோடு ஒப்பிட்டு வட்டமிடுவார், என் வரைவு உட்பட. என் வரைவில் முதல் வட்டத்தைப் போட்டவர் எங்கள் மூத்த உதவியாளர்தான். அன்றைக்குப் பிறகு அவருடைய வரைவில் வட்டம் விழுந்தபோது அவர் முகம் வாடவில்லை. பழைய கோப்புகள் எந்தக் கட்டில் இருக்கின்றன என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். நாள் பதிவேட்டை அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தபால் குறித்த அலுவலக ஆணைக்குக் குறிப்பு வைத்துவிட்டேன். இன்னும் கையொப்பம் ஆகவில்லை. அதுவரை காலை பத்தேகால் மணிக்கு நானே தபால் மேசைக்குப் போய் நிற்கிறேன். வாய்தா பதிவேட்டை அக்காவிடம் ஒப்படைத்தேன். முதல் நாளே, நான் சரிபார்த்துவிட்டதாக எண்ணியிருந்த இரண்டு ரிட் ஆணைகளில் நகல் பெற்ற நாள் எழுதப்படவில்லை என்று காட்டினார். ஒன்றுக்குக் கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உட்பிரிவு வழக்கில் வட்டாட்சியரின் அறிக்கையும் வந்துவிட்டது. தவறு அலுவலகத்துடையது என்றே எழுதியிருக்கிறார். திங்களன்று அரசு வழக்கறிஞரிடம் கட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அந்த விவசாயியின் அறிவிப்பையும், அது வந்த உறையையும், முத்திரை தெரியும்படி முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.