"கொஞ்ச நேரத்தால" எண்டதை இங்கிலிசில எப்பிடி எழுதிறது? மோமென்ற், இன்ஸ்ரன்ற், மினிற்: மூண்டு ஊராக்களின்ர பதில்

கொக்குவில்:
ஓ/எல் (சாதாரண தர) சோதினைப் பிள்ளையளின்ர தாளில ஓயாமல் வாற பிழை "ஐ வில் கம் ஆஃப்ரர் எ மோமென்ற்". காரணம் எங்கட பேச்சுத்தான். "கொஞ்ச நேரத்தால வாறன்" எண்டேக்க அந்த "ஆல" அப்பிடியே "ஆஃப்ரர்" ஆகுது. இப்ப நிண்டு வரப்போறதைச் சொன்னா "இன் எ மோமென்ற்". நடந்து முடிஞ்ச கதையில மட்டும் "ஆஃப்ரர் எ மோமென்ற்" சரி. "அற் த மோமென்ற்" எண்டா இப்ப. "ஃபோ த மோமென்ற்" எண்டா இப்போதைக்கு, பிறகு மாறலாம்.

பருத்தித்துறை:
இன்ஸ்ரன்ற்றை மோமென்ற்றுக்குப் பதிலா எல்லா இடத்திலயும் போடேலாது. "வெய்ற் எ மோமென்ற்" எண்டு கேக்கலாம். "வெய்ற் அன் இன்ஸ்ரன்ற்" எண்டு சொல்லமாட்டினம். மோமென்ற்றுக்குக் கொஞ்சம் அகலம் இருக்கு, இன்ஸ்ரன்ற் ஒரு புள்ளி. கரண்ட் பக்கெண்டு நிண்டா "இன் அன் இன்ஸ்ரன்ற்". "திஸ் இன்ஸ்ரன்ற்" எண்டா "இந்தக் கணமே" எண்ட அதட்டல். பெரியாக்களிட்டப் பாவிக்க வேண்டாம்.

சாவகச்சேரி:
"பஸ் வந்த உடன" எண்டதுக்கு "த மோமென்ற் த பஸ் கம்ஸ்". அந்தப் பகுதியில "வில்" போட்டாப் புள்ளி போகும். அடுத்த பகுதியில தாராளமாப் போடலாம்.

"மோமென்ரறிலி" (momentarily) எண்டதில கவனம். பிரித்தானியருக்கு அது "ஒரு கணம் மட்டும்", அமெரிக்கருக்கு "இப்ப கொஞ்ச நேரத்தில". விமானம் மோமென்ரறிலி இறங்கும் எண்டு அமெரிக்கர் அறிவிச்சா, லண்டன்காரர் தொட்டிட்டுத் திரும்ப எழும்பப்போகுதெண்டு பகிடி விடுவினம். "மோமென்ரஸ்" (momentous) வேற சாமான்: மிக முக்கியமான எண்டு கருத்து, நேரமே இல்லை.

கொக்குவில்:
சாவகச்சேரி சொன்னது சரி. இன்னொண்டு, ஃபோனில வெறுமனே "வன் மினிற்" எண்டா வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். "ஜஸ்ற் எ மினிற், பிளீஸ்" எண்டுங்கோ. 60 விநாடியை ஒருத்தரும் எண்ணப்போறதில்லை. இடைக்கால ஐரோப்பாவில மோமென்ற்றுக்கு அளவே இருந்தது: மணித்தியாலத்தில 40இல் 1 பங்கு, இண்டைய கணக்கில 90 விநாடி.

பருத்தித்துறை:
எங்கட சொல்லுகளும் இடம் மாறினதுதானே. நிமிசம் எண்டது முதல் கண்ணிமைக்கிற நேரம். விநாடி பழைய கணக்கில 24 செக்கன், அப்பிடி 60 சேர்ந்தா ஒரு நாழிகை, 24 நிமிசம்.

சாவகச்சேரி:
ஒண்டு விட்டுப்போச்சு. ஒருத்தர் கதைச்சுக்கொண்டிருக்கேக்க மற்றவர் "வெய்ற் எ மினிற்" எண்டா, நேரம் கேக்கிறார் எண்டு நினைக்க வேண்டாம். அது எங்கட "பொறுங்கோ பாப்பம்": சொன்னதில எங்கயோ பிழை கண்டிட்டார்.