இருவர் அணியாக எட்டு நாள் மலைப் பந்தயம்: வேகம் ஒத்துப்போகாதவர்கள் எப்படி ஓட்டுவது?

சிப்புட் மிதிவண்டி:
வணக்கம். நானும் என் மைத்துனரும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர்கள். மார்ச் மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கேப் எப்பிக் மலை மிதிவண்டிப் பந்தயத்திற்காக, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் வார இறுதிதோறும் பயிற்சி செய்கிறோம். தொடக்க நாள் குறுகிய ஓட்டத்தோடு சேர்த்து எட்டு நாளில் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஏற்றம் 15,000 மீட்டரை ஒட்டி வரும். அணியின் இருவரும் ஒருவருக்கொருவர் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் சிக்கல் என்னவென்றால், ஏற்றத்தில் நான் முந்திவிடுகிறேன், கல்லும் வேருமான இறக்கத்தில் அவர் மறைந்துவிடுகிறார். மேட்டின் உச்சியில் நான் காத்திருப்பது சரியா? இந்தக் கேள்வியால் வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளேடாங் மேடு:
தம்பி, உச்சியில் காத்திருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் இளைப்பாறி முடித்த நேரத்தில் அவர் மூச்சிரைக்க வந்து சேர்கிறார். உடனே இருவரும் கிளம்புகிறீர்கள். ஓய்வு முழுவதும் வலுவானவருக்கே போய்ச் சேர்கிறது, துரத்தி வந்தவருக்கு நாள் முழுவதும் ஓய்வே இல்லை. ஒரு நாள் ஓட்டத்தில் இது தெரியாது. நான்காம் நாள் காலையில் அவருடைய கால்கள் சொல்லும்.

ஏற்றத்தில் வேகத்தை அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் அவர் பக்கத்திலோ அரைச் சக்கரம் பின்னாலோ செல்லுங்கள். உங்களிடம் மிஞ்சும் பலத்தை வேறு வழியில் செலவிடலாம்: கருவிகளையும் கூடுதல் தண்ணீரையும் நீங்கள் சுமப்பது, எதிர்க்காற்றில் முன்னால் நின்று அவரை மறைப்பது, தண்ணீர்ப் பந்தலில் இருவரின் போத்தல்களையும் நீங்களே நிரப்புவது, வழுவழுப்பான ஏற்றத்தில் முதுகில் கை வைத்துத் தள்ளுவது. முன்கூட்டியே பழகாமல் தள்ளினால் இருவரும் சேர்ந்து விழுவீர்கள். இறக்கத்தில் அவர் முன்னே போய்ப் பாதையைக் காட்டட்டும், ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். அவர் ‘குறை’ என்றால், காரணம் கேட்காமல் குறைக்க வேண்டும்.

தோட்டத்துச் சாலையில் நீண்ட ஏற்றம் கிடைக்காது. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலையில், காய்கறி லோரிகள் பெருகுவதற்கு முன், சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஏறிப் பாருங்கள். இரண்டாம் நாள் அவருடைய வேகம் எதுவோ அதுவே உங்கள் அணியின் வேகம்.

பழைய டிரஸர்:
வேகத்தைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிப்பட்ட பந்தயங்களில் பலரை வீழ்த்துவது கால் அல்ல, வயிறும் இருக்கைப் புண்ணும்தான். ஓட்டம் முடிந்தவுடன் அந்தக் கால்சட்டையைக் கழற்றிக் கழுவிக் குளித்துவிடுங்கள். அதோடு உட்கார்ந்து கதை பேசாதீர்கள். ஒருவர் போத்தலில் மற்றவர் குடிக்க வேண்டாம், ஏனெனில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அணிக்கே வந்தது போலத்தான். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டியிருக்கும். குடலை அதற்குப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். இன்னொன்று, நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை வழிவது கண்ணுக்குத் தெரியும், அங்குள்ள வறண்ட வெப்பத்தில் அது உடனே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

பட்டறை:
இரண்டு வண்டிக்கும் ஒரே சக்கர அளவும் ஒரே பல்லிணை (கியர்) அமைப்பும் இருந்தால் உதிரிகள் பாதியாகக் குறையும். ஒருவருடையது 11 வேகம், மற்றவருடையது 12 வேகம் என்றால் சங்கிலி இணைப்புகூடப் பொருந்தாது. கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு கொக்கி சட்டத்துக்குச் சட்டம் மாறும். அதை மட்டும் ஆளுக்கொன்று கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். டியூப் இல்லாத டயரில் பசைத் திரவம் காய்ந்துவிட்டதா என்று கிளம்புமுன் பாருங்கள். செம்பனை மட்டை முள்ளில் ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிப்புட் மிதிவண்டி:
அனைவருக்கும் நன்றி. நடுவில் ஒருவர் விலக நேர்ந்தால் மற்றவர் தொடரலாமா?

கிளேடாங் மேடு:
தொடரலாம், ஆனால் அணித் தரவரிசையில் இடம் இராது. அப்படி நேர்ந்தால் தொடர்வதா, சேர்ந்து திரும்புவதா என்பதை விமானம் ஏறுமுன்பே மைத்துனரோடு பேசி முடித்துவிடுங்கள், காய்ச்சலும் களைப்புமாகக் கூடாரத்தில் கிடக்கும்போது அல்ல.