எம்ஜிபி கார் சூடானா நிக்குது (நம்ம குடும்பம் குரூப்)

தம்பி: மாமா, 1976 எம்ஜிபி பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல 20 நிமிஷம் ஓடி அப்படியே அணைஞ்சிடுச்சு. ஆறினா ஸ்டார்ட் ஆகுது. ஸ்பார்க்குக்காக கரண்டை வெட்டுற பாயிண்ட்ஸை எடுத்துட்டு, அதே வேலைக்கு எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது. வேற மாட்யூல் ஆர்டர் பண்ணிடவா?

யீஷூன் மாமா: இருப்பா, இப்ப வாங்காதே. ஆறின வண்டியில எல்லாம் நல்லாத்தான் காட்டும். நின்ன உடனே, சூடு இறங்குறதுக்குள்ள பார்க்கணும். காயில்ல (ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏத்துறது) இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புறது) போற நடு ஒயர்ல, ஸ்பார்க் போறப்ப மின்னுற டைமிங் லைட்டை மாட்டி கிராங்க் பண்ணு, அதாவது ஸ்டார்ட்டரால இன்ஜினைச் சுத்து. மின்னினா ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் பக்கம் பாரு. மின்னலைன்னா டெஸ்ட் லேம்பை பேட்டரி பிளஸுக்கும் காயில் மைனஸுக்கும் நடுவுல வை. விட்டு விட்டு எரிஞ்சா மாட்யூல் வேலை செய்யுது, காயிலைச் சந்தேகப்படு. எரியவே இல்லைன்னா மாட்யூலுக்கு கரண்ட் வருதா, எர்த் இருக்கான்னு பாரு.

பிடோக் அக்கா: அந்த வருஷ வண்டின்னா ஒயரிங்குக்குள்ளயே காயிலுக்குப் போற கரண்டைக் குறைக்கிற பலாஸ்ட் ஒயர் ஒளிஞ்சிருக்கும், வெள்ளை-பிங்க் கலர். மாட்யூல் கரண்ட் எடுக்கிற சிவப்பு ஒயரை எங்க கொடுத்திருக்காங்க?

தம்பி: காயில் பிளஸ்லக்கா.

யீஷூன் மாமா: அங்கதான் தப்பு! பலாஸ்ட் சுமார் 1.5 ஓம், காயில் 1.5 ஓம். கரண்ட் ஓடுறப்ப பாதி வோல்டேஜ் பலாஸ்ட்லயே போயிடும், மாட்யூலுக்கு 6, 7 வோல்ட்தான் மிஞ்சும், அது பத்தாது. கிராங்க் பண்றப்ப பலாஸ்ட் பைபாஸ் ஆகுது, அதனாலதான் ஸ்டார்ட் மட்டும் நல்லா ஆகுது. சிவப்பு ஒயரை ஃபியூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா லைவ் ஆகுற வெள்ளை ஒயருக்கு மாத்து. காயிலுக்கு பலாஸ்ட் அப்படியே இருக்கட்டும். அதை எடுத்துட்டு 1.5 ஓம் காயிலுக்கு நேரா கொடுத்தா 9 ஆம்பியர் இழுக்கும், மாட்யூல் வெந்துடும். பலாஸ்ட் வேணாம்னா 3 ஓம் காயில் போடணும்.

தம்பி: சூடா இருக்கப்ப காயில் 1.8 ஓம் காட்டுச்சு மாமா.

யீஷூன் மாமா: செம்பு சூடானா அப்படித்தான் ஏறும், அது கோளாறு இல்லை. ஓபன்னு (உள்ள கம்பி அறுந்திருக்குன்னு) காட்டினா காயில் போச்சு.

பிடோக் அக்கா: டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள மாட்யூல் உக்காந்திருக்கிற பேஸ்பிளேட்டோட குட்டி எர்த் ஒயரையும் இழுத்துப் பாரு. ஸ்பார்க் நேரத்தை மாத்துறதுக்கு வேக்குவம் அட்வான்ஸ் அந்தத் தட்டைத் திருப்புறப்ப ஆடி ஆடி உள்ளுக்குள்ள அறுந்திருக்கும், மேல உறை மட்டும் நல்லா இருக்கும். பேஸ்பிளேட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் கிட்டத்தட்ட 0 ஓம் வரணும். செம்புக் கம்பி பிளக் ஒயரா இருந்தா கார்பன் ஒயருக்கு மாத்திடு, அந்த இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

தம்பி: மல்டிமீட்டர் பேட்டரி தீர்ந்துடுச்சு. நாளைக்கு சிம் லிம் டவர் போயி வாங்கிட்டு, சாயங்காலம் கார்பார்க்ல பிரிக்கிறேன்.

யீஷூன் மாமா: சரிப்பா. சிவப்பு, கருப்பு ஒயரை மாத்திக் கொடுத்துடாதே, அந்த நிமிஷமே மாட்யூல் போயிடும். இன்ஜின் ஓடாம சாவியை ஆன்லயே விட்டு வைக்காதே, வோல்ட் பார்த்ததும் அணைச்சிடு.