ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்றாங்க, குடுத்தா இஎஸ்ஐ பணம் வருமா?

அம்பத்தூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில சிஎன்சி ஆபரேட்டர், 7 வருஷமா கம்பெனி ரோல்லயே இருக்கார், கிராஸ் 18,000, பிஎஃப் இஎஸ்ஐ ரெண்டும் பிடிக்கறாங்க. இப்ப ஆர்டர் இல்லன்னு அவர் செக்‌ஷனையே மூடறாங்களாம், ஹெச்ஆர் கூப்பிட்டு பிப்ரவரியோட முடிச்சுக்கலாம், ஆளுக்கொரு ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க, அப்பதான் செட்டில்மென்ட் சீக்கிரம் ஆகும்னு சொல்லியிருக்காங்க. கூட இருந்த ரெண்டு மூணு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க, இவர் வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னு வந்துட்டார். வேலை போனா இஎஸ்ஐல மூணு மாசம் பாதி சம்பளம் வரும்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் அதெல்லாம் கொரோனாவோட முடிஞ்சுதுங்கறார், எது உண்மை? மாமியாருக்கு சுகர், பிரஷர் மாத்திரை எல்லாம் இஎஸ்ஐ டிஸ்பென்சரிலதான் வாங்கறோம், அதுவும் நின்னுடுமா? எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல மாசாமாசம் குடுக்கற பணத்துக்கு இவர் எழுதிப் போடலாமா? ஒண்ணும் புரியல, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பேரோல்அக்கா:
முதல்ல பயப்படாதீங்கம்மா. அந்த மூணு மாச ஸ்கீம் முடியல. பேரு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018 ஜூலைல ஆரம்பிச்சது, அப்ப கால்வாசிதான் குடுத்தாங்க, 2020 மார்ச் 24-லேருந்து பாதியாக்கினாங்க. கெடு வச்சு வச்சு நீட்டிக்கறதாலதான் முடிஞ்சு போச்சுன்னு பேச்சு கெளம்புது, கடைசியா 2026 ஜூன் 30 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. வாழ்நாள்ல ஒரு தடவை, 90 நாள் வரைக்கும். கடைசி ரெண்டு வருஷமா இஎஸ்ஐல இருந்திருக்கணும், வேலை போறதுக்கு முந்தின ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது கட்டியிருக்கணும், அதுக்கு முன்னாடி இருக்கற மூணு அரையாண்டுக் கணக்குல ஏதாவது ஒண்ணுலயும் 78 நாள் இருக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு இது பிரச்சனையே இல்ல.

எவ்வளவு வரும்னா ரெண்டு வருஷச் சம்பளத்தை மொத்தமா கூட்டி 730-ஆல வகுத்து அதுல பாதி. ரெண்டு வருஷமும் 18,000-ன்னு வச்சா ஒரு நாளைக்கு 295 ரூபா சொச்சம், 90 நாளைக்கு ஏறக்குறைய 26,600. வேலை போய் 30 நாள் ஆனதும் இஎஸ்ஐ போர்ட்டல்ல அவரே போடலாம், கம்பெனி மூலமாதான் போகணும்னு இருந்ததை எடுத்துட்டாங்க. ஆதார், பேங்க் பாஸ்புக் ரெண்டுலயும் பேரும் இனிஷியலும் இஎஸ்ஐல இருக்கற மாதிரியே இருக்கான்னு இப்பவே பாத்து வைங்க, நான் பேரோல்ல இருந்தப்ப நிறைய பேருக்கு இந்த ஒரு இனிஷியலாலதான் பணம் நின்னுச்சு.

மாமியார் மாத்திரை உடனே நிக்காது. ஏப்ரல் டு செப்டம்பர் கட்டினதுக்கு அடுத்த ஜூன் 30 வரைக்கும் வைத்தியம் உண்டு. அக்டோபர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் எப்படியும் 78 நாள் தாண்டியிருக்கும், அதுக்கு ஜூலைலேருந்து டிசம்பர் 31 வரைக்கும் உண்டு. ஆக இந்த வருஷம் முழுக்க டிஸ்பென்சரிக்குப் போகலாம். வேலை போனவுடனே கார்டு செல்லாதுன்னு கவுன்டர்ல யாராவது சொன்னா திரும்பி வந்துடாதீங்க, கான்ட்ரிபியூஷன் பிரின்ட்அவுட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

யூனியன்தோழர்:
சகோதரி, அக்கா கணக்கெல்லாம் சரியா சொல்லிட்டாங்க, ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு, அந்த ராஜினாமா கடிதத்துல கையெழுத்து வேண்டாம். தானா வேலையை விட்டவங்களுக்கு இந்த ஸ்கீம்ல பணம் கிடையாது, கடிதத்துல சொந்தக் காரணத்துக்காக விலகறேன்னு இருந்தா அதைக் காட்டியே தள்ளிடுவாங்க, அதோட இஎஸ்ஐ ரிட்டர்ன்ல வேலை போன காரணத்தைப் போடறது கம்பெனிதான். ஆர்டர் இல்லன்னு ஆளை அனுப்பினா அதுக்குப் பேரு ஆட்குறைப்பு. ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா அந்த மாசச் சம்பளம், அது போக வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு, உங்களுக்கு 7 வருஷத்துக்கு 105 நாள் சம்பளம் வருது. 2025 நவம்பர் 21-லேருந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தாச்சு, அதுலயும் இந்த 15 நாள் கணக்கு அப்படியேதான் இருக்கு, கூடவே மறுபயிற்சி நிதின்னு இன்னொரு 15 நாள் சம்பளத்தைத் தொழிலாளி அக்கவுன்ட்ல போடணும்னு இருக்கு. ராஜினாமான்னு எழுதினா இது அத்தனையும் போச்சு, அதுக்குத்தான் எழுதச் சொல்றாங்க.

இன்னொண்ணு, இதை இஎஸ்ஐ ஆபீஸ்ல நீங்களா கேட்டாதான் சொல்லுவாங்க. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனான்னு 2005-லேருந்து ஒண்ணு இருக்கு. பேக்டரி மூடினாலோ ஆட்குறைப்பு செஞ்சாலோ முதல் 12 மாசம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாசம் கால்வாசி, அது வர்ற வரைக்கும் குடும்பத்துக்கே வைத்தியமும் உண்டு, நடுவுல வேற வேலை கெடச்சா நின்னுடும். மூணு மாசம் எங்க, ரெண்டு வருஷம் எங்க! ரெண்டையும் ஒரே நேரத்துல வாங்க முடியாது, எது கெடைக்கும்னு கிளை அலுவலகத்துல கேட்டுட்டுப் போடுங்க. ஆனா இதுக்கு ஆட்குறைப்புன்னு கம்பெனி எழுதின கடிதம் கையில இருக்கணும், ராஜினாமாவை வச்சுட்டு அந்தப் பக்கமே போக முடியாது. உங்க வீட்டுக்காரரை ஹெச்ஆர்கிட்ட போய் சண்டை போடச் சொல்லல, நீங்க அனுப்பறதா இருந்தா ஆட்குறைப்புன்னு லெட்டர் குடுங்க நான் வாங்கிக்கறேன்னு பொறுமையா சொல்லச் சொல்லுங்க, வாட்ஸ்அப்ல ஹெச்ஆர் ஏதாவது அனுப்பியிருந்தா அழிக்காம வைக்கச் சொல்லுங்க.

அம்பத்தூர்வாசி:
அக்கா, தோழர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், கையெழுத்து போடலன்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா ஏற்கனவே எழுதிக் குடுத்தவங்க பாவம், அதுல ஒருத்தருக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு, அவங்களுக்கு வழியே இல்லையா? அப்புறம் பிஎஃப் மொத்தத்தையும் எடுத்துடலாம்னு இவர் சொல்றார், எடுக்கலாமா?

யூனியன்தோழர்:
வழி இருக்கு, ஆனா லேட் பண்ணக்கூடாது. செக்‌ஷனை மூடறோம்னு சொல்லி வற்புறுத்தி வாங்கின கடிதம், இதை என் விருப்பத்துல குடுக்கல, திரும்பப் பெறுகிறேன்னு உடனே எழுதி ரிஜிஸ்டர் தபால்ல ஒப்புதல் சீட்டோட கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்க, காப்பி ஒண்ணு தொழிலாளர் நலத்துறை ஆபீஸ்லயும் குடுக்கணும். கம்பெனி ஒத்துக்கலன்னா அங்கயே சமரசத்துக்கு மனு போடலாம், யூனியன் இல்லாத தனி ஆளும் போடலாம். ஒரே வாரத்துல ஒரே வாசகத்தோட அத்தனை பேரும் ராஜினாமா குடுத்திருக்காங்கன்னா அது தானா குடுத்தது இல்லன்னு அதுவே ஒரு சாட்சி, அதனால எல்லாரும் சேர்ந்தே போங்க.

பேரோல்அக்கா:
பிஎஃப்ல அவசரத்துக்கு வேணுங்கறதை மட்டும் எடுங்க. முக்கியமா ஃபார்ம் 10சி போட்டு பென்ஷன் பங்கை எடுத்துடாதீங்க, 10 வருஷம் சர்வீஸ் இருந்தாதான் மாசப் பென்ஷன், இவருக்கு 7 ஆயிடுச்சு, அடுத்த கம்பெனில அதே யூஏஎன்ல, அதாவது அதே பிஎஃப் நம்பர்ல சேர்ந்து இன்னும் 3 வருஷம் ஓட்டினா போதும், இப்ப எடுத்தா மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கணும். 5 வருஷம் தாண்டினதால கிராஜுவிட்டியும் உண்டு, பேசிக்கும் டிஏவும் சேர்த்து அதை 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்து, அப்புறம் 7-ஆல பெருக்குங்க, பேசிக் டிஏ 12,000-ன்னா 48,000-க்கு மேல வரும். இது ராஜினாமா குடுத்தவங்களுக்கும் உண்டு, நஷ்டஈடு வேற இது வேற, ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஒரே தொகையா காட்டினா ஒத்துக்காதீங்க.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பணம் கேட்டீங்களே, அது பதிவு பண்ணிட்டு 5 வருஷம் வேலை கெடைக்காம காத்திருக்கறவங்களுக்கு, பத்தாவது பாஸுக்கு மாசம் 300, பிளஸ் டூக்கு 400, டிகிரிக்கு 600, குடும்ப வருமானமும் வருஷத்துக்கு 72,000-க்குள்ள இருக்கணும். இவருக்கு வராதும்மா, அதுக்காக அலைய வேண்டாம், அந்த நேரத்துல இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய் ரெண்டு வருஷக் கான்ட்ரிபியூஷன் விவரத்தை வாங்கி வைங்க.