மறு: பேக்லாஷ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

திருகின் கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பினால், தளர்வு தீரும்வரை அது சும்மா சுற்றுகிறதே, அந்த பேக்லாஷுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். (மடல் இழையைச் சொல்கிறேன், திருகின் மரையிழையை அல்ல. இயந்திரச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்தக் குழுவில் இதையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.)

> பின்னடிப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே. ஆங்கிலத்துக்கு நேராக இருக்கிறது.

நேராக இருக்கிறது ஐயா, சிக்கலே அதுதான். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பும்போது எதுவும் எதையும் அடிப்பதில்லை. அடித்தால் காதில் விழும், நாமும் உஷாராகிவிடுவோம். இது சத்தமே இல்லாமல் ஏமாற்றுகிற சங்கதி. ‘பின்னடைவு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட சொல், திரும்ப வாங்க முடியாது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், எந்தச் சொல் பொருந்தும் என்று அதிலிருந்தே பார்க்கலாம். 10 மீட்டர் போட்டிக்கான என் ஏர் ரைபிளின் முன்பக்கம் லேசாக இருந்தது, குறி பார்க்கும்போது முனை அலைந்தது. குழலில் மாட்ட ஒரு பித்தளை எடை வளையம் கடையலாம் என்று உட்கார்ந்தேன். வெளிவிட்டம் 30 மி.மீ., நீளம் 20 மி.மீ., கணக்குப்படி 90 கிராம் வரும். மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி, என்னுடையதில் அதற்கு இடம் இருந்தது. உள்விட்டம் 15.05 வேண்டும்.

கடைசி வெட்டு. கைப்பிடியின் டயலில் ஒரு கோடு 0.02 மி.மீ., ஆரக் கணக்கு, விட்டத்தில் அது இரட்டிப்பாகும். கவனம் சிதறி ஐந்து கோடு கூடுதலாகச் சுற்றிவிட்டேன். ‘சரி, போகட்டும்’ என்று அதே ஐந்து கோட்டைத் திருப்பிச் சுற்றி, டயல் சரியான எண்ணைக் காட்டியதும் வெட்டைப் போட்டேன். அளந்து பார்த்தால் 15.25! டயல்தான் பின்னால் வந்தது, உளியைச் சுமக்கும் ஸ்லைடு இருந்த இடத்திலேயே இருந்தது. திருகுக்கும் நட்டுக்கும் நடுவே தேய்மானம் ஏழெட்டுக் கோடு அளவுக்கு இருக்கிறது. நான் திருப்பியதோ ஐந்து. அத்தனையும் காற்றில் சுற்றியது. அரைச் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து எண்ணைப் பிடித்திருந்தால் வளையம் பிழைத்திருக்கும். இப்போது குழலில் போட்டால் லொடலொடவென்கிறது.

> பட்டறையில் ‘ஆட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். அதுவே போதுமே?

பட்டறைச் சொல்லுக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு. வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்குக்குப் பிசிர் என்ற சொல் இருக்க வேறு எதையும் தேட மாட்டேன். ஆனால் ஆட்டம் ஒரே சொல்லாக மூன்று வேலை பார்க்கிறது. பேரிங் தேய்ந்தால் ஆட்டம். சக்கில் (லேத்தின் கவ்வியில்) பிடித்த துண்டு மையம் தப்பிச் சுழன்றால் அதுவும் ஆட்டம். திருகு வெறுமனே சுற்றினாலும் ஆட்டம். ‘கிராஸ் ஸ்லைடில் ஆட்டம் இருக்கு’ என்று நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னேன். அவர் சொன்னபடி, ஸ்லைடின் பக்கவாட்டு இடைவெளியைக் குறைக்கும் கிப் பட்டையை இறுக்கினேன். ஸ்லைடு மாவாட்டுகிற மாதிரி இறுகிப் போனதே தவிர, டயலின் ஏழெட்டுக் கோடு அப்படியே இருந்தது. கிப் பக்கவாட்டு ஆட்டத்துக்கு மருந்து. என் நோய் நட்டில். அவர் மேல் தப்பில்லை, சொல்லின் மேல்தான்.

என் பரிந்துரை: வெறுஞ்சுற்று.

வெறுங்கை, வெறுங்கால், வெறும்வயிறு மாதிரி. சுற்றுகிறோம், பலன் இல்லை. சைக்கிள் பெடலைக் கொஞ்சம் பின்னால் மிதித்துவிட்டு முன்னால் அழுத்தினால், பல் பிடிப்பதற்கு முன் கால் சும்மா போகிறதே, அந்தக் கணம்தான். ஒரு சொல் தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை, மெஷின் ஓடுகிற சத்தத்தில் அதைக் கத்திச் சொல்ல முடியுமா என்பது. “வெறுஞ்சுற்றை எடுத்துட்டு ஜீரோ வைப்பா!” முடிகிறது. கணினி ஓட்டும் சி.என்.சி. மெஷினில் திசை மாறும்போதெல்லாம் கன்ட்ரோலர் தானே கூட்டிச் சுற்றுகிற அளவை ‘வெறுஞ்சுற்று ஈடு’ என்று சொல்லிவிடலாம்.

*

மறு: மறு: பேக்லாஷ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வளையத்துக்கு என் அனுதாபம். சொல் நன்றாக இருக்கிறது, இரண்டு ஐயம் மட்டும்.

ஒன்று, பற்சக்கரத்தில் இது குறையே அல்ல. எண்ணெய் நிற்கவும், சூட்டில் உலோகம் விரியவும் வேண்டுமென்றே இடம் விட்டுத்தான் பல்லை வெட்டுகிறோம். ‘வெறும்’ என்றால் பழுது மாதிரி ஒலிக்காதா? இரண்டு, டி.ஆர்.ஓ. என்ற டிஜிட்டல் அளவுகாட்டியை மாட்டிவிட்டால் ஸ்லைடின் உண்மையான இடமே திரையில் தெரிகிறது. அங்கே ‘சுற்று’க்கு என்ன வேலை?

*

மறு: மறு: மறு: பேக்லாஷ் – தமிழில் என்ன சொல்லலாம்?

நன்றி அம்மா. முதல் கேள்வி நான் யோசிக்காதது. ஆனால் வெறுங்கால் பழுதான கால் இல்லையே. செருப்பில்லை, அவ்வளவுதான். பல்லுக்கு நடுவே விடுகிற இடத்துக்குப் ‘பல்லிடை வெளி’ என்று தனியாகப் பெயர் வைத்துக்கொள்ளலாம். வெளி காரணம், வெறுஞ்சுற்று அதன் விளைவு.

டி.ஆர்.ஓ. அளவைத்தான் சரியாகக் காட்டும், திருகின் தளர்வு எங்கும் போய்விடாது. மில்லிங்கில், அதாவது சுழலும் கட்டரால் துண்டைச் செதுக்கும்போது, கட்டர் சுழலும் திசையிலேயே துண்டு பிடித்த டேபிளைத் தள்ளிப் பாருங்கள். எத்தனை கோடு வெறுஞ்சுற்று இருக்கிறதோ அத்தனையும் கட்டர் டேபிளைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். திரை அதையும் துல்லியமாகக் காட்டும், கட்டர் உடைந்த பிறகு.

சக்கில் துண்டு ஆடுவதற்குச் ‘சுழலாட்டம்’ என்று யோசித்து வைத்திருக்கிறேன், அதைத் தனி இழையில் போடுகிறேன். இதற்கு மறுப்பு இல்லையென்றால் ஞாயிறன்று சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம். அந்த 15.25 வளையத்தை ஓரத்தில் பிளந்து, ஒரு திருகு போட்டுக் கவ்வ வைத்துவிட்டேன். இப்போது ஆட்டம் இல்லை. மூன்று வகையில் எதுவும்.