புதுப்பிப்பு: வெளிமாநில ஓட்டுநர் உரிமத்தோடு முதல் ரைபிள் வாங்கிவிட்டேன்

அமெரிக்காவில், ஓஹையோ மாநில ஓட்டுநர் உரிமத்தோடு மொன்டானா மாநிலத்தில் படிக்கும் நான் இங்கேயே ரைபிள் வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்.

முதல் கடையில் வெளிமாநிலத்தவருக்கு விற்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மனம் விட்டுப்போனது. ஆனால் கூட்டரசுச் சட்டத்தில் அந்தத் தடை கைத்துப்பாக்கிக்குத்தான். ரைபிளை, இரு மாநிலச் சட்டங்களும் இடம் தந்தால், உரிமம் பெற்ற வியாபாரியிடம் நேரில் போய் வாங்கலாம். இரண்டாவது கடைக்காரர் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டரசுப் படிவமான 4473-ஐ வரிவரியாகப் பொறுமையாக விளக்கினார்.

எனக்கு வயது 19. 21-க்குக் கீழ் என்றால் 2022-இல் வந்த கூட்டரசுச் சட்டப்படி கூடுதல் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. 10 வேலைநாள் வரை இழுக்கலாம். எனக்கு 6 நாள் ஆனது.

அப்புறம், விடுதி அறையில் துப்பாக்கி வைக்க அனுமதியில்லை. வளாகக் காவல் நிலையப் பெட்டகத்தில் இருக்கிறது. வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் முதல் பயிற்சி சனிக்கிழமை.