‘கிரேடட் ரீடர்’: ‘சொல்வரம்பு நூல்’ என்பது பொருந்துமா?

அன்புடையீர்,

ஆங்கிலம் கற்கும் ஜெர்மானியருக்காக அவர்தம் திறனுக்கேற்ப எழுதப்படும் தெளிவான ஆங்கில நூல்களை, அதாவது ‘கிரேடட் ரீடர்’களை, தமிழில் குறிக்க முன்மொழியப்பட்ட ‘சொல்வரம்பு நூல்’ செவிக்கு இனியதுதான். ஆனால், எளிமை என்பது சொற்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்ற பழைய எண்ணத்தை அது பெயரிலேயே பதித்துவிடுகிறது.

அந்த எண்ணத்துக்கு வலுவான மரபு உண்டு. ஆங்கில மொழி அறிஞர் ஆக்டன் 1930-இல் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்னும் சுருக்கிய ஆங்கிலம் 850 சொற்களுக்குள் அடங்கியது. ஆங்கிலம் கற்பித்தலில் வல்லவரான மைக்கேல் வெஸ்ட், கற்போருக்காக 1953-இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. ஆக்டன் வினைகளைப் பதினெட்டாகக் குறைத்ததால், மற்ற வினைகளின் பொருளை ‘புட்’, ‘கெட்’ போன்றவற்றோடு சிறுசொற்களைச் சேர்த்தே உணர்த்த வேண்டியிருந்தது. ஜெர்மானிய வாசகர் இடறுவது இங்கேதான். ‘புட் அப் வித்’ என்பதில் மூன்று சொற்களும் எந்தப் பட்டியலிலும் முதல் வரிசையில் நிற்பவை. ஆயினும் ‘பொறுத்துக்கொள்’ என்ற பொருள் அவற்றில் எதிலும் இல்லை. அரிய சொல்லாகக் கருதப்படும் ‘டாலரேட்’டையோ, தம் மொழியின் ‘டோலெரீரன்’ துணையால் அவர் உடனே அறிந்துகொள்வார். ‘ஆகு’ என்று பொருள்படும் ‘பிகம்’ மிக எளிய சொல்தான். ஆனால் ஜெர்மனில் ‘பெகோமன்’ என்றால் ‘பெறு’ என்று பொருள். உணவகத்தில் ‘ஐ பிகம் எ ஸ்டேக்’ (‘நான் இறைச்சித் துண்டாகிறேன்’) என்று கேட்கும் ஜெர்மானியரைப் பற்றிய பழைய நகைச்சுவை பிறந்தது இதனால்தான்.

தொடரமைப்பும் இப்படியே. ‘தி மேன் ஐ சா’ (நான் பார்த்த மனிதர்) என்று ஆங்கிலம் விட்டுவிடும் இணைப்புச்சொல்லை ஜெர்மன் ஒருபோதும் விடுவதில்லை. ஆகவே அங்கே ‘தட்’ ஒன்றைச் சேர்த்து எழுதுவதே வாசகருக்கு உதவும். சொல் கூடுகிறது, சுமை குறைகிறது. இதனை ‘வரம்பு’ என்ற சொல் எப்படி உணர்த்தும்?

‘எளிய மொழி நூல்’ என்பதையும் ஏற்க இயலவில்லை. ஜெர்மனியில் ‘லைஷ்டெ ஷ்ப்ராஹெ’, அதாவது எளிய மொழி, என்பது கற்றல் குறைபாடு உடையோர் முதலியோருக்கான தனி எழுத்துமுறை; 2011-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றிலும் இடம்பெற்றது. இரண்டும் குழம்பக்கூடாது. ‘தரப்படுத்திய நூல்’ என்றால் மட்டமானதும் உயர்ந்ததும் நினைவுக்கு வருகின்றன.

எனவே ‘படிநிலை நூல்’ என்பதை முன்வைக்கிறேன். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தின் ‘ஏ1’ முதல் ‘சி2’ வரையான ஆறு படிகளுள் ஒன்றைப் பதிப்பாளர்கள் இத்தகைய நூல்களில் குறிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ‘படிநிலையாக்கம்’, ‘படிநிலைப் பதிப்பு’ என்று சொல்லை நீட்டவும் எளிது. சமூகவியலில் ‘ஹையரார்க்கி’க்கும் இச்சொல் வழங்குவது குறையே, இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம்.

இன்னொரு வகையையும் பிரித்தாக வேண்டும். ஜெர்மனியின் ரெக்லாம் பதிப்பகத்தின் சிவப்பு அட்டை நூல்கள் மூலத்தை எளிமையாக்குவதில்லை. கடினமான சொற்களுக்கு அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே பொருள் தருகின்றன. சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை கண்ட மொழியில் இதற்குப் புதுச்சொல் எதற்கு? ‘அரும்பதவுரைப் பதிப்பு’ என்றே வழங்கலாம்.